லீவரேஜ் ஃபண்டுக்கு வேலி எங்கே போடுவது?

என் அண்ணன் மகன் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கிறான். அவன் லீவு போட்டிருந்த ஒரு நாள் காலை, ஒன்பதே காலுக்குச் சந்தை திறக்கிற நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரகு நிறுவனத்தின் செயலியைத் திறந்ததும் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வந்தது. எஃப் அண்ட் ஓ என்கிற வாய்தா வணிகத்தில் இறங்கும் தனிநபர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பணத்தை இழக்கிறார்கள் என்பது அதிலிருந்த செய்தி. நான் இரண்டாவது வரிக்கு வருவதற்குள் அவன் கட்டைவிரல் பெட்டியைத் தள்ளிவிட்டது. என்னடா அதில் போட்டிருக்கிறது என்றேன். "அது டெய்லி வர்றதுதானுங்க சித்தப்பா" என்றான்.

அந்தப் பெட்டி, இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான செபியின் உத்தரவு. 2023 ஜூலை முதல் எல்லாத் தரகு நிறுவனங்களும் அதைக் காட்டியாக வேண்டும். 2021-22இல் எஃப் அண்ட் ஓவில் வணிகம் செய்த தனிநபர்கள் சுமார் 51 லட்சம் பேர். பெட்டி வந்த 2023-24இல் அது 96 லட்சம்.

அன்று அவன் இன்னொன்றும் கேட்டான். "அமெரிக்காவுல நாஸ்டாக் ஒண்ணு ஏறுனா மூணு ஏர்ற ஃபண்டை சாதாரண ஆளே வாங்கலாமாமா. நமக்கு மட்டும் ஏனுங்க இல்ல? அது இருந்தா நான் எதுக்கு இந்த ஆப்ஷன்ல உருள்றேன்?" எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. கேள்வியில் பாதி நியாயம் இருந்தது. மீதிப் பாதியில் என்ன கோளாறு என்று பிடிபடச் சில மாதம் ஆனது.

லீவரேஜுக்குப் பாடநூல் தரும் சொல் நெம்புகோல். சந்தையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கையில் இருக்கும் பணத்தைவிடப் பெரிய தொகைக்கு ஆடுவது, அவ்வளவுதான். அமெரிக்காவில் ரைடெக்ஸ் நிறுவனம் 1993இலேயே ஒன்றரை மடங்கு ஃபண்டு ஒன்றைக் கொண்டுவந்தது. ஆனால் பங்கைப் போலச் சந்தையில் வாங்கி விற்கும் இடிஎஃப் வடிவில் இருமடங்கு ஃபண்டுகள் அங்கே வந்தது 2006 ஜூனில், புரோஷேர்ஸ் நிறுவனத்தின் மூலம். டைரெக்சியான் மும்மடங்கு ஃபண்டுகளை இறக்கியது 2008 நவம்பரில். லேமன் பிரதர்ஸ் விழுந்து இரண்டு மாதம்கூட முடிந்திருக்கவில்லை. சந்தை நாளுக்கு ஐந்து சதவீதம் அப்படியும் இப்படியும் ஆடிக்கொண்டிருந்த நேரம். இதைவிடப் பொருத்தமான முகூர்த்தம் யாருக்கும் வாய்த்திருக்காது.

இந்த ஃபண்டுகளின் விவரக்குறிப்பில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் ஒரு சொல் உண்டு: 'தினசரி'. மும்மடங்கு ஃபண்டு தருவதாகச் சொல்வது குறியீட்டின் ஒரு நாள் அசைவில் மூன்று மடங்கை. ஒரு மாதத்தின் மூன்று மடங்கோ ஒரு வருடத்தின் மூன்று மடங்கோ அதன் வாக்கில் இல்லை. குறியீடு ஒரு நாள் 5 சதவீதம் ஏறி மறுநாள் 5 சதவீதம் இறங்கி, இப்படியே இருபது நாள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறில் தொடங்கிய குறியீடு 97.5இல் நிற்கும். இருமடங்கு ஃபண்டு 90.4க்கு வந்திருக்கும். மும்மடங்கு ஃபண்டு 79.6. குறியீடு இழந்தது இரண்டரை; அதன் மூன்று மடங்கு ஏழரைதான் என்று நினைத்தவருக்கு இருபது போயிருக்கிறது. இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். குறியீடு தொடர்ந்து பத்து நாள் 2 சதவீதம் ஏறினால் அதற்குக் கிடைப்பது சுமார் 22 சதவீதம். மும்மடங்கு ஃபண்டுக்கு 66 அல்ல, 79. நேர்கோட்டில் ஓடும் சந்தையில் வாக்கைவிட அதிகம் தருகிறது, தள்ளாடும் சந்தையில் தின்றுவிடுகிறது.

ஏன் என்று பார்க்க ஃபண்டு மேலாளரின் மேசைக்குப் போக வேண்டும். நூறு கோடி சொந்தப் பணம் உள்ள ஓர் இருமடங்கு ஃபண்டு. சந்தையில் அது 200 கோடிக்கு நிற்க வேண்டும். சந்தை 10 சதவீதம் ஏறுகிறது. 200 கோடி 220 ஆகிறது, சொந்தப் பணம் 120 ஆகிறது. மறுநாளும் இருமடங்கு என்றால் 240 கோடிக்கு நிற்க வேண்டுமே? ஆகவே மாலைக்குள் இன்னும் 20 கோடிக்கு வாங்கியாக வேண்டும். மாறாகச் சந்தை 10 சதவீதம் இறங்கியிருந்தால் 180 கோடி கையில் இருக்கும், சொந்தப் பணம் 80, நிற்க வேண்டியது 160. அப்போது 20 கோடிக்கு விற்றாக வேண்டும். ஏறிய பிறகு வாங்குவது, இறங்கிய பிறகு விற்பது. ஊரில் ஒரு வியாபாரி இதைச் செய்தால் கடையை மூடச் சொல்வோம். இங்கே தினசரி மறுசீரமைப்பு என்ற பெயரில் அது விதிப்படி, நாள் தவறாமல், மேலாளரின் விருப்பு வெறுப்பைக் கேட்காமல் நடக்கிறது.

அமெரிக்கச் சில்லறை முதலீட்டாளர்கள் இதைக் கற்றுக்கொண்ட விதம் கசப்பானது. 2008 டிசம்பர் முதல் 2009 ஏப்ரல் முடிய ஐந்து மாதத்தில் ஒரு குறியீடு சுமார் 8 சதவீதம் ஏறியிருந்தது. அதன் மும்மடங்கு ஃபண்டு 53 சதவீதம் விழுந்தது. அதே குறியீடு இறங்கும் என்று பந்தயம் கட்டும் எதிர்த்திசை மும்மடங்கு ஃபண்டு 90 சதவீதம் விழுந்தது. ஏறும் என்றவருக்கும் நஷ்டம், இறங்கும் என்றவருக்கும் நஷ்டம். இந்த எண்கள் எஸ்இசி என்கிற அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமும், தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ரா அமைப்பும் 2009 ஆகஸ்டில் சேர்ந்து வெளியிட்ட எச்சரிக்கையில் உள்ளவை. அதற்கு இரண்டு மாதம் முன்பே ஃபின்ரா தன் தரகர்களுக்கு எழுதிய சுற்றறிக்கையில், ஒரு நாளைத் தாண்டி வைத்திருக்க நினைக்கும் சில்லறை முதலீட்டாளர்களுக்கு இவை பொதுவாகப் பொருந்தாதவை என்று சொல்லியிருந்தது. சொன்னதைத் தரகர்கள் கேட்டார்களா என்பதற்கு 2012 மே மாதம் சாட்சி. சிட்டிகுரூப், மோர்கன் ஸ்டான்லி, யுபிஎஸ், வெல்ஸ் ஃபார்கோ ஆகிய நான்கு நிறுவனங்களின் தரகுப் பிரிவுகள், தக்க மேற்பார்வை இல்லாமல் இவற்றை விற்றதற்காக அபராதமும் வாடிக்கையாளர் இழப்பீடுமாகச் சேர்த்து 91 லட்சம் டாலருக்கு மேல் கட்டின.

எஸ்இசியின் கை நடுங்கியது 2010இல் தெரிந்தது. வாய்தா, ஆப்ஷன் போன்ற டெரிவேட்டிவ்களை அதிகம் பயன்படுத்தும் புதிய இடிஎஃப்களுக்கு அனுமதி தருவதை அந்த ஆண்டு மார்ச்சில் அது நிறுத்தி வைத்தது. ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தவர்கள் தொடரலாம். பலன்? வாங்குகிறவருக்குப் பாதுகாப்பு கூடவில்லை. உள்ளே இருந்த இரண்டு மூன்று நிறுவனங்களுக்குப் போட்டியாளர் தொல்லை பத்து வருடத்துக்கு ஒழிந்தது. 2019 நவம்பரில் எஸ்இசி இன்னும் நேரடியான ஒன்றை முன்வைத்தது. லீவரேஜ் ஃபண்டு வாங்க வருகிற ஒவ்வொரு சில்லறை வாடிக்கையாளரின் வருமானம், அனுபவம், நோக்கம் ஆகியவற்றை விசாரித்து, இவரால் இதன் ஆபத்தை எடைபோட முடியும் என்று தரகர் ஒப்புதல் கொடுத்த பிறகே கணக்கைத் திறக்க வேண்டும். கருத்துக் கேட்பில் ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. பெரும்பாலானவை சாதாரண முதலீட்டாளர்கள் எழுதியவை, பெரும்பாலும் எதிர்ப்பு. என் பணம், என் புத்தி, நடுவில் நீ யார் என்பதே அவற்றின் தொனி. 2020 அக்டோபரில் இறுதி விதி வந்தபோது அந்தப் பகுதி காணாமல் போயிருந்தது. புதிய ஃபண்டுகளுக்கு ஏறக்குறைய இருமடங்கு உச்சவரம்பு வந்தது. பழைய மும்மடங்கு ஃபண்டுகள் அப்படியே தொடர அனுமதிக்கப்பட்டன.

அந்த விதி ஒரு கதவைச் சாத்தியது, இன்னொன்றைத் திறந்தது. சட்டகம் தெளிவானதும் 2022 ஜூலையில் ஒற்றைப் பங்கை வைத்தே லீவரேஜ் இடிஎஃப்கள் வந்தன: டெஸ்லா, என்விடியா, நைக்கி, பைசர் என்று. இது ஏன் வேறு சாதி என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அமெரிக்காவில் எஸ் அண்ட் பி 500 குறியீடு ஒரே நாளில் 20 சதவீதம் விழுந்தால் அன்றைய வணிகமே நிறுத்தப்படும். ஆகவே அந்தக் குறியீட்டின் மும்மடங்கு ஃபண்டு ஒரு நாளில் இழக்கக்கூடியது நடைமுறையில் 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். கோரமான இழப்புதான், ஆனால் சாவு இல்லை. ஒற்றைப் பங்குக்கு அப்படித் தரை எதுவும் கிடையாது. ஒரு காலாண்டு முடிவு, ஒரு மருந்துச் சோதனைத் தோல்வி போதும், இரவோடிரவாகப் பாதி விலை போய்விடும்.

ஒரே இரவில் எல்லாம் போவது என்றால் எப்படி இருக்கும் என்பதற்கு 2018 பிப்ரவரி 5, திங்கட்கிழமை இருக்கிறது. கிரெடி சுவிஸ் வங்கி வெளியிட்ட கடன் பத்திரம் ஒன்று எக்ஸ்ஐவி என்ற குறியீட்டுப் பெயரில் சந்தையில் புழங்கியது. சந்தையின் பதற்றத்தை அளக்கும் விக்ஸ் குறியீட்டின் வாய்தா விலை இறங்கினால் இது ஏறும். ஒரு மடங்கு எதிர்த்திசைதான், இருமடங்கு மும்மடங்கு இல்லை. ஆனால் தினசரி மறுசீரமைப்பு என்ற இயந்திரம் அதேதான். 2017இல் மட்டும் அதன் விலை கிட்டத்தட்ட மும்மடங்கானது. பதற்றமே இல்லாத வருடம் அது. வேலையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்தவர்கள் இருந்தார்கள். பிப்ரவரி 2, வெள்ளிக்கிழமை அதில் சுமார் 190 கோடி டாலர் இருந்தது.

திங்கட்கிழமை விக்ஸ் 17.31இலிருந்து 37.32க்கு எகிறியது. ஒரே நாளில் 115 சதவீதம். மாலை நான்கு மணிக்கு நியூயார்க்கில் வழக்கமான வணிகம் முடிந்தபோது எக்ஸ்ஐவி 99 டாலரில் நின்றது. பலரும் அடி பட்டாலும் பிழைத்தோம் என்று நினைத்த நேரம். ஆனால் விக்ஸ் வாய்தா வணிகம் இன்னும் கால் மணி நேரம் உண்டு. எக்ஸ்ஐவிக்குப் பின்னால் இருந்தவர்களும் அதைப் போன்ற மற்ற ஃபண்டுகளும் அன்றைய கணக்கை நேர்செய்ய விக்ஸ் வாய்தாவை வாங்கியாக வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே பக்கம். இவர்கள் வாங்க வாங்க விலை ஏறியது. விலை ஏற ஏற இன்னும் வாங்க வேண்டியிருந்தது. அன்றைய முடிவில் எக்ஸ்ஐவியின் உண்மை மதிப்பு 4 டாலர் 22 சென்ட். மறுநாளே வங்கி அதை மூடப்போவதாக அறிவித்தது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது அன்று மாலையின் ஒரு மணி நேரம். நான்கு மணிக்குப் பிறகு, எக்ஸ்ஐவியின் மதிப்பைச் சொல்ல வேண்டிய அடிப்படைக் குறியீடு திரையில் நீண்ட நேரம் அசையாமல் நின்றது. அசைவு ஓர் அளவைத் தாண்டினால் எண்ணைத் தானாக நிறுத்தி வைக்கும் ஓர் ஏற்பாடு அந்தக் குறியீட்டைக் கணக்கிட்ட எஸ் அண்ட் பி டவ் ஜோன்ஸ் இண்டிசஸ் நிறுவனத்திடம் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதை அது வெளியே சொல்லியிருக்கவில்லை. அதற்காக 2021 மே மாதம் அந்த நிறுவனம் எஸ்இசியிடம் 90 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. மலிவாகக் கிடைக்கிறது என்று எண்ணி அன்று மாலை வாங்கியவர் பார்த்த எண் பழைய எண். அவருக்கு எத்தனை புத்தி இருந்திருந்தாலும் பயனில்லை. இன்னொரு பக்கம், இந்தப் பத்திரத்தின் நீண்டகால எதிர்பார்ப்பு மதிப்பு பூஜ்யம் என்று அதன் விவரக்குறிப்பிலேயே வெளிப்படையாக அச்சிட்டிருந்தது. அண்ணன் மகனின் கைபேசிப் பெட்டியைவிடக் கடுமையான வாசகம். 190 கோடி டாலர் அதைத் தாண்டித்தான் உள்ளே போனது.

எதிர்த்தரப்பை இப்போது கேட்க வேண்டும். அது லேசான தரப்பு இல்லை.

யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இயன் அயர்சும் பேரி நேல்பஃபும் 2010இல் 'லைஃப்சைக்கிள் இன்வெஸ்டிங்' என்ற நூலில் ஒரு வாதம் வைத்தார்கள். இருபத்தைந்து வயதுக்காரரின் உண்மையான சொத்து வங்கியில் இருக்கும் ஒரு லட்சம் இல்லை. இனி முப்பத்தைந்து வருடம் வரப்போகும் சம்பளம். அதோடு ஒப்பிட்டால் பங்குச் சந்தையில் அவர் போட்டிருப்பது துளி. ஐம்பத்தைந்து வயதிலோ எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சந்தையில் வைத்திருப்பார். ஆபத்தை ஆயுள் முழுக்கப் பரப்ப வேண்டுமென்றால் இளமையில் இருமடங்கு வரை லீவரேஜ் எடுத்து, வயதாக ஆகக் குறைக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டுக் கடனை நினைத்துப் பாருங்கள். இருபது லட்சம் கையில் வைத்துக்கொண்டு ஒரு கோடிக்கு ஃபிளாட் வாங்குகிறவர் ஐந்து மடங்கு லீவரேஜில் இருக்கிறார். வங்கியே அழைத்து உட்காரவைத்துக் காபி கொடுக்கிறது. அந்த ஃபிளாட்டின் விலையைத் தினம் வாசல் கேட்டில் எழுதிப்போட்டால் எத்தனை பேருக்குத் தூக்கம் வரும் என்பது வேறு விஷயம்.

ஃபண்டின் பக்கம் இன்னொரு நியாயமும் உண்டு. போட்ட பணத்துக்கு மேல் ஒரு ரூபாயும் போகாது. மார்ஜின் என்ற பிணைத்தொகையைக் கட்டச் சொல்லி நள்ளிரவில் செய்தி வராது, பிணையாக வைத்த பங்கை யாரும் விற்க மாட்டார்கள். நாஸ்டாக் 100இன் மும்மடங்கு ஃபண்டான டிகியூகியூகியூ 2010 பிப்ரவரியில் தொடங்கியது. அன்று வாங்கி 2021 முடிய அசையாமல் இருந்தவரின் பணம் நூறு மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற ஃபின்ராவின் வாசகத்தைக் காட்டி இவரைத் தடுத்திருந்தால் அவர் மன்னிப்பாரா? நியாயமான கேள்வி. ஆனால் அடுத்த இரண்டு வருடத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. 2022இல் நாஸ்டாக் 100 மூன்றில் ஒரு பங்கு விழுந்தது, டிகியூகியூகியூ 79 சதவீதம் விழுந்தது. 2023 முடிவில் குறியீடு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. ஃபண்டு அப்போதும் சுமார் 40 சதவீதம் பள்ளத்தில் கிடந்தது. நூறு மடங்குக் கதையைக் கேட்டு 2021 டிசம்பரில் நுழைந்தவர்கள்தான், 2010இல் நுழைந்தவர்களைவிட எண்ணிக்கையில் எப்போதும் அதிகம்.

தென்கொரியா இதில் வேறு ஒரு வழியை முயன்றது. அங்கே சில்லறை முதலீட்டாளர்களை எறும்புகள் என்பார்கள். 2020 வசந்தத்தில் கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, இதற்குமேல் எங்கே இறங்கும் என்று எண்ணெயின் இருமடங்குப் பத்திரங்களில் எறும்புகள் மொய்த்தன. கூட்டம் தாங்காமல், சில பத்திரங்களின் சந்தை விலை உள்மதிப்பைப் போலப் பல மடங்கு போனது. இதற்குமேல் எங்கே இறங்கும் என்பதற்கு ஏப்ரல் 20 அன்று பதில் கிடைத்தது: அமெரிக்க எண்ணெய் வாய்தா மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அந்த ஆண்டு மே மாதம் கொரிய ஒழுங்குமுறை ஆணையம் விதிகளை அறிவித்தது. லீவரேஜ் இடிஎஃப் வாங்க விரும்புகிறவர் கணக்கில் ஒரு கோடி வான் வைப்பு வைக்க வேண்டும்; நம் கணக்கில் ஏறக்குறைய ஆறு லட்சம் ரூபாய். ஒரு மணி நேர இணைய வகுப்பையும் முடித்திருக்க வேண்டும். செப்டம்பர் முதல் புதியவர்களுக்கும், 2021 ஜனவரி முதல் பழையவர்களுக்கும் இது நடைமுறைக்கு வந்தது.

வைப்புத் தொகை அன்று உள்நாட்டுப் பத்திரங்களுக்கு மட்டும். அமெரிக்கச் சந்தையில் அதே கொரியர் அதே கைபேசியில் மும்மடங்கு சிப் ஃபண்டை எந்த வைப்பும் வகுப்பும் இல்லாமல் வாங்க முடிந்தது. வாங்கினார்கள். கொரியர்கள் அதிகம் வாங்கும் வெளிநாட்டுப் பத்திரங்களின் பட்டியலில் டிகியூகியூகியூவும், சிப் நிறுவனங்களின் மும்மடங்கு ஃபண்டான எஸ்ஓஎக்ஸ்எல்லும் நிரந்தர வாசிகள் ஆயின. அதற்கு வைப்பு விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். அமெரிக்கச் சந்தை ஏறிக்கொண்டிருந்தது, உள்நாட்டுச் சந்தை படுத்திருந்தது. ஆனாலும் உள்ளூரில் இருமடங்குக்கு வேலி போட்டுவிட்டு வெளியூர் மும்மடங்கைத் திறந்து வைத்ததை யாரும் புத்திசாலித்தனம் என்று வாதாடவில்லை. வெளிநாட்டு லீவரேஜ் ஃபண்டு வாங்கவும் ஒரு மணி நேர வகுப்பு கட்டாயம் என்று கொரியா கொண்டுவந்தது 2025 டிசம்பரில்தான்.

இங்கே நம் ஊருக்கு வரலாம். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்டு கடன் வாங்கி முதலீடு செய்ய முடியாது. சொத்து மதிப்பில் 20 சதவீதம் வரை, ஆறு மாதத்துக்கு மிகாமல், பணம் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பது போன்ற தேவைக்கு மட்டும் கடன் வாங்கலாம். மாற்று முதலீட்டு ஃபண்டுகளில் மூன்றாம் வகைக்கு இருமடங்கு வரை லீவரேஜ் உண்டு. ஆனால் நுழையக் குறைந்தது ஒரு கோடி ரூபாய் வேண்டும். 2025 ஏப்ரலில் வந்த சிறப்பு முதலீட்டு ஃபண்டுக்குப் பத்து லட்சம். ஆக அண்ணன் மகன் கேட்டது சரிதான். மாதம் முப்பதாயிரம் சம்பளக்காரர் நிஃப்டியின் இருமடங்கு ஃபண்டு கேட்டால் கிடையாது.

அதே ஆள் ஆப்ஷன் கேட்டால்? 2024 நடுவில் நிஃப்டி 24,000இல் இருந்தது. ஒரு ஒப்பந்தத்தின் அளவான லாட் 25. ஆக ஒரு ஒப்பந்தத்தின் பெறுமானம் ஆறு லட்சம். ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி நாளில், அன்றைய நிஃப்டியிலிருந்து சற்று எட்டத்தில் உள்ள ஆப்ஷன் 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்றால், 500 ரூபாய் போட்டு ஆறு லட்சத்தின் மேல் உட்காரலாம். பெறுமானக் கணக்கில் 1,200 மடங்கு. எட்டத்தில் உள்ள ஆப்ஷன் குறியீட்டோடு முழுசாக அசையாது, பத்தில் ஒரு பங்குதான் அசையும் என்று கழித்துப் பார்த்தாலும் 120 மடங்கு. இருமடங்கு உனக்கு ஆகாது என்று சொன்ன வீட்டில்தான் இது கிடைத்தது. கே.ஒய்.சி. முடித்து, ஒரு வருமான ஆவணத்தைப் பதிவேற்றினால் போதும்.

விளைவை செபியே 2024 செப்டம்பரில் அச்சிட்டது. 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓவில் இறங்கிய ஒரு கோடிக்கு மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். ஒரு லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஒருவர். 2023-24இல் இறங்கியவர்களில் 43 சதவீதம் பேர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். நான்கில் மூன்று பேருக்கு மேல் ஆண்டு வருமானம் ஐந்து லட்சத்துக்குக் கீழே என்று எழுதிக் கொடுத்தவர்கள். எதிர்ப்பக்கத்தில், அதே ஆண்டு தரகு நிறுவனங்களின் சொந்தக் கணக்குகளுக்கு 33,000 கோடியும் வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 28,000 கோடியும், செலவு கழிப்பதற்கு முன், லாபம். அதில் கிட்டத்தட்ட முழுவதும் கணினி நிரல் போட்ட வணிகத்தில் வந்தது. கேன்டீனில் டீ ஆறுவதற்குள் ஆப்ஷன் போடுகிறவரும் அந்தக் கணினியும் ஒரே களத்தில் மோதுகிறார்கள்.

2024 அக்டோபரில் செபி செய்த காரியம் எனக்குப் பிடித்திருந்தது. யாரையும் வெளியே போகச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தின் குறைந்த பெறுமானத்தை 5-10 லட்சத்திலிருந்து 15 லட்சமாக்கியது. ஒரு சந்தைக்கு ஒரே ஒரு வார எக்ஸ்பைரி குறியீடு என்றது. அதுவரை வாரத்தின் எல்லா நாளும் ஏதோ ஒரு குறியீட்டுக்கு எக்ஸ்பைரி, தினமும் தீபாவளி. எக்ஸ்பைரி நாளில் ஆப்ஷன் விற்கிறவர்களுக்கு மார்ஜினைக் கூட்டியது. 2024 டிசம்பர் முதல் 2025 மே வரை எண்ணியபோது தனிநபர் வணிகர் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைந்திருந்தது. எச்சரிக்கைப் பெட்டி சாதிக்காததை லாட்டின் அளவு சாதித்தது. ஆனால் 2024-25 நிதியாண்டு முழுவதற்குமான கணக்கில் 91 சதவீதம் பேருக்கு நஷ்டம், தொகை 1.05 லட்சம் கோடி. போகாமல் நின்றவர்கள் இன்னும் அதிகமாக இழந்தார்கள்.

இத்தனைக்கும் பிறகு என் தீர்ப்பு என்ன? கட்டுப்பாடு வேண்டும். ஆனால் ஆளைப் பார்த்துப் போடும் வேலியைவிடப் பொருளைப் பார்த்துப் போடும் வேலி மேல். குறியீட்டின் மேல் இருமடங்கு வரையிலான ஃபண்டு சாதாரண ஆளுக்குக் கிடைக்கலாம். இந்தியாவிலும் கிடைக்கலாம் என்பேன். மும்மடங்குக்கு அவசியமில்லை. ஒற்றைப் பங்கு லீவரேஜ் ஃபண்டைச் சில்லறைக் கடையில் வைக்கவே கூடாது. ஃபண்டின் பெயரிலேயே 'தினசரி' என்ற சொல் கொட்டை எழுத்தில் இருக்க வேண்டும்.

பணத்தை வைத்துப் போடும் வேலி எனக்கு உடன்பாடில்லை. ஒரு கோடி உள்ளவருக்குத் தினசரி மறுசீரமைப்பு புரியும் என்று யார் சொன்னது? அமெரிக்காவிலேயே தனியார் முதலீடுகளில் இறங்க ஆண்டுக்கு இரண்டு லட்சம் டாலர் வருமானமோ பத்து லட்சம் டாலர் சொத்தோ வேண்டும் என்று 1982இல் வைத்த விதியை 2020இல் தளர்த்தி, குறிப்பிட்ட தொழில்முறை உரிமத் தேர்வுகளை முடித்தவர்களும் வரலாம் என்றார்கள். சிங்கப்பூரில் 2012 முதல் இப்படிப்பட்ட சிக்கலான பத்திரங்களை வாங்குமுன் வாடிக்கையாளரின் படிப்பையும் அனுபவத்தையும் தரகர் சரிபார்க்க வேண்டும். அறிவைப் பார்க்கிற வேலி இது. அதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. பரீட்சை என்று ஒன்று வந்தால் மறுமாதமே கோச்சிங் சென்டர் வரும் ஊர் நம்முடையது. தோற்க முடியாத பரீட்சை என்றால் அது இன்னொரு பெட்டிதான், கட்டைவிரல் தள்ளிவிடும். மேலே சொன்ன இருபது நாள் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லி, தவறினால் ஒரு மாதம் காத்திரு என்று சொல்லும் பரீட்சையாக இருந்தால் ஒத்துக்கொள்வேன்.

எல்லாவற்றையும்விட முக்கியம், பக்கத்துக் கதவு. கொரியா உள்ளூர் வேலியைப் போட்டுவிட்டு வெளியூர்க் கதவை ஐந்து வருடம் திறந்து வைத்தது. இந்தியா ஃபண்டு கதவை இழுத்துப் பூட்டிவிட்டு ஆப்ஷன் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஆபத்து எந்தப் பெயரில் வந்தாலும் அதன் எடைக்கு ஏற்ற ஒரே வேலி என்பதுதான் நியாயம். 120 மடங்குக்குக் கே.ஒய்.சி. போதும், இரண்டு மடங்குக்கு ஒரு கோடி வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் சேராது.

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். இரண்டு வருடத்தில் ஒன்றரை லட்சம் விட்டிருக்கிறான் என்பது பேச்சுவாக்கில் வெளியே வந்தது. இருமடங்கு ஃபண்டு வந்தால் ஆப்ஷனை விட்டுவிடுவாயா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொல்ல முடியாதுங்க" என்றான். இந்தியாவில் அந்த ஃபண்டு இன்றைக்கும் இல்லை. நிஃப்டி வார ஆப்ஷன் செவ்வாய்க்கிழமைதோறும் முடிகிறது, சென்செக்ஸ் வார ஆப்ஷன் வியாழக்கிழமைதோறும்.